வீட்டில் இல்லாதவள்

செங்கலடியில் ஏறிய அக்காவும் தங்கையும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் அமர்ந்தார்கள்.

"நான் வீட்டில இல்லையெண்டு நானே சொல்லிற்றன்," என்றாள் தங்கை.

"ஆருக்கிட்ட?"

"கோட்டில இருந்து விவாகரத்துச் சமன்ஸ் கொண்டு வந்தவருக்கிட்ட. வாங்காட்டி வழக்கு நிண்டிரும் எண்டு நினைச்சன். அந்தப் பொம்பிள வீட்ட விட்டுப் போயிற்றா எண்டன். அவர் அத அப்பிடியே எழுதிக்கிட்டுப் போனார்."

அக்கா குரலைத் தாழ்த்தினாள். "நீ அவன விட்டுட்டு வீட்டால போயிற்றாய் எண்டுதானே உன்ட புருசன் வழக்கே போட்டிருக்கான்."

"அது எனக்குச் சீதனமாத் தந்த வீடு அக்கா. போனது அவர்தானே."

"ஓம். இப்ப அவன்ட பொய்க்கு நீதான் சாட்சி."

பஸ் வாவிப் பாலத்தில் ஏறியதும் அக்கா தங்கையின் பக்கம் திரும்பினாள்.

"லோயருக்கிட்டப் போனதும் முதல்ல நீ ஆரெண்டு சொல்லு, புள்ள."