தொரை வெளிய போவக் கூடாது

இல்ல அண்ணாத்த, கதவத் தட்டாத. வெளிய பூட்டிக்கீது. சாவி நாத்தனா இடுப்புல. கூடைய எடுத்துகினு இந்தாண்ட சன்னலுக்கு வா. ஆங், சாக்கடையப் பாத்து தாண்டு.

நாந்தான் நேத்து உன்ன வரச் சொன்னது. கொடோனுல அரிசி மூட்டையெல்லாம் எலி ஓட்ட போடுது, யாராவது பூன வெச்சிக்கீறீங்களான்னு சந்து பூரா கேட்டுகினு போனியே. மொகம் தெர்ஞ்சிருக்காது, இந்த வல மறச்சிருக்கும். கோயிக்கூண்டுக்கு அடிக்கிற வல. பூன பூந்து ஓடக் கூடாதுன்னு எங்கூட்டுக்காரரு அடிச்சாரு. நேத்துலேர்ந்து கரண்டிக் காம்ப வெச்சி நெம்பிகினு கீறேன். நாலு ஆணி வந்துட்ச்சி. இன்னும் ஒண்ணுதான்.

அதோ, பரண் மேல குந்திகினு பாக்குது பாரு. வெள்ளத் தோலு, நீலக் கண்ணு, அத்தொட்டு தொரைன்னு பேரு. அவசரப்பட்டா எறங்காது. வெளையாட்டு காட்டித்தான் எறக்கணும். நாத்தனா திருவொத்தியூர் கோயிலுக்குப் போயிருக்கு, நாலு மணி சங்கு ஊதறதுக்குள்ள வந்துரும். அதுக்குள்ள நீ போய்ட்டிருக்கணும்.

இன்னா துன்னுமா? துன்றது பெரிசில்ல அண்ணாத்த. மீன் தலையக் குடுத்தாலும் சரி, பயய சோத்தக் குடுத்தாலும் சரி. அதுக்குப் பொயுது போவணும். நாலு வருசமா வாசப்படி தாண்ட வுடாத பூன. வந்த புதுசுல சோறு வெச்சாப் போதும்னு நெனச்சேன். வால நக்கி நக்கி நுனியெல்லாம் மொட்டையாயிட்ச்சி. அப்பால சொம்மா சுவத்தப் பாத்துகினு குந்திக்கும். கூப்ட்டாலும் திரும்பாது. எனக்கு பயமாப் பூட்ச்சி. ஏன்னா நானும் அந்தச் சுவத்தத்தான் பாத்துகினு குந்திகினு இருந்தேன்.

அப்பால ஒண்ணொண்ணா கத்துகினேன். காஞ்ச நெத்திலிய பயந்துணியில முடிச்சி போட்டு ஒளிச்சி வெப்பேன். ஒரு நாளு ஆட்டுக்கல்லு குயியில, ஒரு நாளு முறத்துக்கு அடியில. தேடிகினு தேடிகினு காலைல பாதி போயிடும். ஒரே எடத்துல வெச்சா ரெண்டாம் நாளே கண்டுக்காது, அவ்ளோ புத்தி. பத்து மணிக்கு இந்த சன்னலாண்ட வெயிலு வரும், மொகம் பாக்குற கண்ணாடிய ஆட்டுனா சுவத்துல வெளிச்சம் ஓடும். அத்தத் தொரத்தறதுக்கு அது குதிக்கறதப் பாக்கணுமே, எனக்கே சிரிப்பு வந்துரும். இந்த வூட்டுல நானு சிரிக்கறது அப்பதான்.

தீப்பெட்டியில கரப்பான உட்டு மூடி வெக்கலாம். நண்டு ஓட்ட நூல்ல கட்டி இசுக்கலாம். ஆனா எல்லாத்தையும் ஒரே நாள்ல குடுத்துராத. ஒண்ணு குடுத்துட்டு மத்தத எடுத்து ஒளிச்சிரு. எட்டு நாளு கயிச்சி எடுத்தீன்னா, புதுசா வாங்கியாந்தாப்பல பாக்கும். எனக்கு அந்தத் தந்திரம் பலிக்கல. எட்டு நாளு ஒளிச்சி வெச்சி எடுக்கறதுக்கு எங்கிட்ட இன்னா கீது.

இரு, நூல ஆட்டறேன். தொரை... இங்க பாரு. தொரை.

வராது. புது மொகம்னு ரோசன பண்ணுது. நீ கொஞ்சம் தள்ளி நில்லு அண்ணாத்த, செருப்பக் கயட்டிரு. செருப்பு சத்தம்னா அதுக்கு ஆவாது. எங்கூட்டுக்காரரு செருப்புல லாடம் அடிச்சிருப்பாரு. சந்து மொனையில சத்தம் கேட்டா போதும், அந்த டீத்தூளு வந்த மரப்பொட்டிக்குள்ள பூந்துக்கும். நானும் பூந்துக்குவேன், பொட்டி பத்தல.

பாரு, வாலு ஆடுது. எறங்கப் போவுது. அந்தக் கடசி ஆணிய நீ அங்கேர்ந்து இசு. வந்துட்ச்சா? வலைய மடிச்சிப் புடி. ஒண்ணும் கவலப்படாத, கம்பி சந்துல தல பூந்துட்ச்சின்னா பூனைக்கு ஒடம்பும் பூந்துரும். மன்சாளுக்குத்தான் பூராது. நானு பாத்துட்டேன்.

வா கண்ணு. வா தொரை. நெத்திலி கீது பாரு. ஆங்... மடியில வந்துட்ச்சி. தடவிக் குடுத்துகினே தள்ளறேன், நீ கூடைய ஒட்டிப் புடி. பிராண்டாது, அதுக்கு என் கை தெரியும். மெதுவா... மூடிரு. மூடிரு. அவ்ளோதான்.

கத்தட்டும் வுடு. பயகிரும். நெத்திலி முடிச்ச உள்ள போட்டுக்கீறேன்.

ஏன் இத்தினி வருசம் வெளிய வுடலன்னா? அது பெரிய கத ஒண்ணுமில்ல. எங்கூட்டுக்காரரு கப்பல்ல கலாசி. ரங்கூனு, பினாங்கு போற கப்பலு. தொரை அந்தக் கப்பல்லயே பொறந்தது. கலாசிங்களுக்குப் பெரியவரு செராங்கு, அவுருதான் குட்டியா குடுத்தாராம். கப்பல்ல பொறந்த பூன எவன் வூட்டு வாசப்படிக்குள்ள கீதோ, அவன கடலு திருப்பிக் குடுத்துரும். வெளிய பூட்ச்சின்னா குடுக்காதுன்னு சொன்னாராம். இவுரு தொரை தல மேல கைய வெக்காம கப்பல் ஏற மாட்டாரு. ஏறப் போறப்போ எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவாரு. தொரை வெளிய போவக் கூடாது. தொரையப் பாத்துக்கறதுக்கு நானு, என்னப் பாத்துக்கறதுக்கு அவுங்கக்கா.

மொதல்ல நானு நம்பல. போன வருசம் நாத்தனா கதவத் தொறந்தப்போ கால் சந்துல பூந்து ஓடிட்ச்சி. அர நாளு. மீன் விக்கிற எடத்தாண்ட புடிச்சி இட்டாந்தாங்க. மூணு மாசம் கயிச்சி அவுரு வந்தாரு, தடி ஊனிகினு. பினாங்குல ஏணியிலேர்ந்து வியுந்து காலு ஒடிஞ்சிட்ச்சாம். பூன என்னிக்குப் போச்சின்னு அக்காளக் கேட்டு, ஒக்காந்து நாளு எண்ணுனாரு. இவுரு வியுந்ததும் அதே நாளு. அக்காள அடிக்க முடியுமா? இந்த வெரலப் பாரு, கோணிகினு கீதே. மடங்காது. அதான் ஆணி புடுங்க இத்தினி நேரமாச்சி.

அதுக்கப்பால நானும் எண்ணுனேன். ஏயு தபா போயிருக்காரு. ஏயு தபாவும், அந்த அர நாளு தவிர, வெளையாட்டு காட்டி, நெத்திலி ஒளிச்சி வெச்சி, இத்த உள்ளயே வெச்சிகினு, நாந்தான் அவுர திருப்பித் திருப்பி இட்டாந்துகினு இருந்திருக்கேன்.

இப்போ எட்டாவது தபா. கப்பல் போயி பத்து நாளாவுது.

ஏன் அண்ணாத்த அப்டி பாக்கற? கூடைய ஏன் கீய வெச்சிட்ட? உனக்கு எலி போவணும், அவ்ளோதான. அக்கா கேட்டா, வல கயண்டுக்கினு ஓடிட்ச்சின்னு சொல்லிக்கறேன். அடி வியும். வியட்டும், அடி புதுசா?

அர நாளுக்கு ஒரு காலு. உன் கொடோனு எங்க கீதுன்னு சொன்ன? ஆர்பருக்கு அந்தாண்டயா. தூரந்தான். சங்கு ஊதப் போவுது, எடு. மூடிய நல்லா இறுக்கிக் கட்டிக்கோ.