என் நாற்காலிக்கு ஒரு திறன் தேர்வு

அன்று காலை அந்த அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். மருத்துவமனையின் கணினிப் பிரிவுத் தலைவராகிய நான். என் தம்பி மகன். அவன் அதே பிரிவில் எனக்கு அடுத்த நிலையில் இருப்பவன். ஆள்சேர்ப்பு அதிகாரி, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. நேர்காணலுக்கு வந்திருந்த பொறியாளர் அம்மாள். ஐந்தாவதாக ஒரு பேருந்து ஓட்டுநரையும் இந்த வாக்குமூலத்தில் சேர்க்கச் சொல்கிறீர்கள். அவர் அந்த அறையில் இல்லை. மூன்றாவது மாடியில் முழங்கால் அறுவைக்காகப் படுத்திருந்தார். இருந்தவர்கள் யார் என்று கேட்டால் இருந்தவர்களைத்தான் சொல்ல முடியும்.

எங்கள் குடும்பத்தில் யாரும் வேலைக்கு மனுப் போட்டதில்லை. கூப்பிட்டுக் கொடுத்தார்கள்; போய் உட்கார்ந்தோம். என் அப்பா அந்த மருத்துவமனையின் மருந்துக் கிடங்கைப் பார்த்துக்கொண்டார். கணினி வந்தபோது என்னைக் கூப்பிட்டார்கள். உனக்கு என்ன தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. இன்னார் மகன் என்றதும் சாவியைக் கையில் கொடுத்தார்கள். இன்று வார்டுகளில் ஓடும் மென்பொருள் முழுவதும் நான் கட்டியது.

இந்த அதிகாரி வந்த பிறகுதான் திறன் தேர்வு என்ற கூத்து தொடங்கியது. எண்களை வரிசையாக அடுக்கு, ஒரு சொல்லைத் தலைகீழாகத் திருப்பு. அதுவும் பலகையில், மார்க்கர் பேனாவால், மூன்று பேர் முறைத்துக்கொண்டிருக்கும்போது. இத்தனை ஆண்டில் எந்த மருத்துவரும் எந்த நோயாளியின் பெயரையும் தலைகீழாகத் திருப்பச் சொல்லி என்னிடம் வந்ததில்லை. விடை சரியா தப்பா என்றுகூட அந்த அதிகாரிக்குத் தெரியாது. கையிலிருந்த காகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தலையாட்டுவார்.

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு பெரியவங்க சொல்லியிருக்காங்களே சார்" என்றார் என்னிடம்.

"சோறு வெந்துதான்னு பருக்கை சொல்லும் தம்பி. பானை ஓட்டையான்னு சொல்லுமா?"

"அதுக்கும் ஒரு டெஸ்ட் வெச்சிடலாம் சார்." சிரித்தார். பிறகு சிரிப்பைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "உங்களுக்கு அப்புறம் அந்த சீட்டுக்கு வர்றவங்க எல்லாருக்கும் ஒரே டெஸ்ட்தான். உங்க வீட்டுப் பையனுக்கும் சேர்த்து."

அந்த ஆண்டோடு நான் ஓய்வு பெற வேண்டும். நாற்காலி தம்பி மகனுக்குத்தான் என்று உறவு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. அவன் மாமனார் வீட்டிலும் சொல்லியிருந்தேன். நான் கொடுத்த சொல் திரும்பி வந்ததில்லை.

பையனைப் பற்றி மறைக்க ஒன்றுமில்லை. அவனுக்குத் தெரிந்த வைத்தியம் இரண்டு. கணினியை அணைத்துப் போடுவது ஒன்று. நெட்வொர்க் சரியில்லை என்பது மற்றொன்று. ஆனால் எங்கள் வீட்டுப் பையன்.

தேர்வை அமைக்கும் பொறுப்பு என்னிடமே வந்தது. வேறு யாருக்கும் அந்த மென்பொருள் தெரியாதே. எங்களிடம் நோயாளிகளின் விவரம் இரண்டு இடத்தில் இருக்கும். வார்டுகள் பார்ப்பது நிஜம். அதை லைவ் என்போம். பழகிப் பார்ப்பதற்கு ஒரு நகல். யாருக்கு எந்த மருந்து ஆகாது என்று காட்டும் ஒவ்வாமைப் பட்டியல் இரண்டிலும் உண்டு. நகலில் அந்தப் பட்டியலை முழுக்க அழித்துவிட்டு, தனியாக எடுத்துவைத்த சேமிப்பிலிருந்து எடுத்து மறுபடி நிரப்ப வேண்டும். இதுதான் கேள்வி. நியாயமான கேள்வி. பலகையும் இல்லை, மார்க்கரும் இல்லை.

கேள்வியைத் தம்பி மகனிடம் முன்னதாகவே சொன்னேன். பிறகு விடையையும் சொன்னேன். என் வீட்டில் உட்காரவைத்து வரிவரியாகச் செய்யவைத்தேன்.

"பெரியப்பா, அழிச்சிட்டேன். இப்ப எங்கேருந்து எடுக்கறது?"

"இப்பத்தானேடா சொன்னேன்."

"சொன்னீங்க. அது போன தடவைக்கு இல்லையா?"

என் தம்பி வாயைத் திறக்காமலே ஆயுள் முழுக்கச் சேர்த்த மரியாதையை இவன் ஒரு காலைப்பொழுதில் கரைத்துவிடுவான் என்று புரிந்தது. தேறாதவனைத் தேறவைக்க முடியாது. தேர்வைத் தோற்கடிக்கலாம்.

நிஜத் திரையின் தலையில் சிவப்புப் பட்டை இருக்கும். நகலின் தலையில் பச்சை. அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவனே நான்தான். முந்தின நாள் மாலை என் கணினியில் நிஜத்துக்குப் பச்சைப் பட்டை கட்டினேன். சேமிப்பிலிருந்து மீட்கும் அனுமதியை எனக்கு மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு அடைத்தேன். பொறியாளர் அம்மாளை முதலில் கூப்பிடும்படி அதிகாரியிடம் சொன்னேன். விருந்தாளி முதலில் என்பது மரியாதைதானே.

பொறியாளர் அம்மாள் என் கணினி முன் உட்கார்ந்ததும் விசைப்பலகையைத் தொடவில்லை.

"சார், இது டெஸ்ட் காப்பிதானே?"

"பச்சை தெரியுதில்ல?"

"தெரியுது. இருந்தாலும் வாயால ஒரு தடவை சொல்லிடுங்க. பழக்கமாயிடுச்சு."

"காப்பிதான்மா. தைரியமா செய்யி."

நல்ல பழக்கம். என் பிரிவில் ஒருவருக்கும் அது கிடையாது. எங்கள் வீட்டில் பிறந்திருந்தால் அந்த நாற்காலியை அவருக்கே கொடுத்திருப்பேன்.

சுத்தமாக அழித்தார். நிரப்பப் போனபோது கணினி மறுத்தது. "எடுக்க விடமாட்டேங்குது சார்" என்றார். "நெட்வொர்க்கா இருக்கும்" என்றான் தம்பி மகன். அதிகாரி காகிதத்தில் ஏதோ மதிப்பெண் குறித்தார். அதற்குள் வார்டுகளிலிருந்து தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. முதல் அழைப்பை எடுத்த அதிகாரி, "வார்டுல லிஸ்ட் எல்லாம் காலியாம்" என்றார். பொறியாளர் அம்மாள் எழுந்துவிட்டார். "இது லைவா? சார், இது லைவா?" என்று என்னையே கேட்டார்.

மீட்பதற்கு ஒரு வரி போதும். அது என் விரல் நுனியில் இருந்தது. நான் கை வைக்கவில்லை.

"சார், ஏதாவது பண்ணுங்க" என்றார் அதிகாரி.

"டெஸ்ட் நடக்குதே தம்பி. நடுவுல யாரும் உதவக்கூடாதுன்னு விதி போட்டது நீங்கதானே?"

அவர் கேட்டால் போதாது. தலைமை மருத்துவர் இறங்கி வந்து கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன். அடக்கத்தோடு காத்திருந்தேன் என்றே சொல்வேன். அவர் வந்தார், கேட்டார். ஒரு வரி தட்டினேன். பட்டியல் திரும்பி வந்தது. அத்தனை பேரும் பார்த்தார்கள்.

அந்தக் காத்திருப்பின் நடுவே மூன்றாவது மாடிச் செவிலியர் அழைத்தார். எடுத்தவன் நான்.

"சார், ஒவ்வாமை லிஸ்ட்ல யாருக்குமே ஒண்ணும் காட்டல. ஆபரேஷனுக்கு முன்னாடி போடற ஊசி ஒண்ணு இருக்கு. போடலாமா?"

"ஸ்கிரீன்ல என்ன இருக்கோ அதுதான்மா."

"அப்ப இவருக்கு ஒவ்வாமை எதுவும் இல்லைன்னு எடுத்துக்கலாமா சார்?"

"நான் கட்டின சிஸ்டம் பொய் சொல்லாது."

போடு என்று நான் சொல்லவில்லை. அதைத் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். பொறு என்று சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பார்; காரணம் சொன்னால் தேர்வு பாதியில் நின்றிருக்கும். ஓட்டுநருக்கு அதற்குள் தூக்க மருந்து கொடுத்துவிட்டார்கள். எனக்கு அந்த ஊசி ஆகாது என்று அவர் வாயால் சொல்லியிருக்க முடியாது. அறுவை அரங்குக்கு அவர் போய்ச் சேரவில்லை.

அந்த வாரமே திறன் தேர்வை ரத்து செய்தார்கள். நாற்காலி தம்பி மகனுக்குக் கிடைத்தது. பொறியாளர் அம்மாளை நீங்கள் விசாரணைக்கு அழைத்துப் போனீர்கள். தன் விரல்தான் ஒரு மனிதரைக் கொன்றது என்று அவர் இன்னும் அழுவதாகக் கேள்விப்பட்டேன். அவர்மேல் இரக்கப்பட்டு நான் இங்கே வரவில்லை. அப்படி எழுதிவிடாதீர்கள்.

விசாரணையில் அது நிஜத் திரை என்று தெரிந்த பிறகு, குடும்ப மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துத் தம்பி மகன் உங்களிடம் ஒரு கதை சொல்லியிருக்கிறான். "பெரியப்பாவுக்கு வயசாயிடுச்சு சார். பார்வை மங்கிடுச்சு. எது லைவ், எது காப்பின்னு குழம்பிட்டார்." வழக்கறிஞருக்கும் அதுவே பிடித்துப்போயிற்று. "நீங்க சும்மா தலையாட்டுங்க பெரியப்பா, வீட்டுக்குப் போயிடலாம்" என்றான். இப்போது மருத்துவமனை முழுக்க, ஏன், உறவு முழுக்க அதுதான் பேச்சு. பாவம், கிழவர் தடுமாறிவிட்டார் என்கிறார்களாம்.

அந்தப் பேச்சு தவறு. என் பார்வையில் குறையில்லை, புத்தியிலும் இல்லை. எது நிஜம், எது நகல் என்று நான் ஒரு நாளும் குழம்பியதில்லை. அன்று காலையும் குழம்பவில்லை. நம்பிக்கை இல்லையென்றால் இரண்டு திரையையும் பட்டை இல்லாமல் என் முன் வைத்துப் பாருங்கள்.