விமானம் கிடந்த வயல்

பாலமுனையில் கரைவலை இழுக்கும் வேலை சரிவரவில்லை. ஒலுவில் தாண்டி நடந்துகொண்டிருந்தபோது கல்முனை பஸ் வந்தது, ஏறினேன். முன் சீட்டில் வெற்றிலை மென்றவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்:

"மச்சான், பிளேன் இன்னும் என்ட வயலுக்குள்ளதான் கிடக்கு."

"எஞ்சின் நிண்டுபோன சண்டைப் பிளேனுக்கு ஒண்ட வயல்தான் கிடைச்சிரிக்கி."

"அறுப்புக்கெண்டு நான் முந்தியே தண்ணிய வடிச்சிட்டனே. மத்த வயலெல்லாம் சேறு. என்ட காஞ்ச தரையில சறுக்கி நிண்டிச்சி. பைலட்டுக்கு ஒரு கீறலுமில்ல, அல்லாட காவல்."

"முந்தி வடிச்சதுக்கு நான்தானே ஒன்ன ஏசினன்."

"ஓம். அந்த பைலட்தான் மேல கதைச்சி நாளைக்கு ஒரு நாள் அறுக்கக் கேட்டுத் தந்தான். பிறகு பிளேன இழுக்க லொறி வருது. மிஞ்சின வெள்ளாம நசிஞ்சிடும்."

"அப்ப அறு."

"ஆளில்ல. வெடிக்குமெண்டு ஒருத்தனும் வாறானில்ல."

மற்றவர் குரலைத் தாழ்த்தினார்.

"நான் வாறன். என்ட ஊட்டுல, ஒண்ட தங்கச்சிக்கிட்ட மட்டும் செல்லிராத. பிளேன் வெடிக்க முந்தி அவள் வெடிச்சிடுவாள்."

நிந்தவூரில் அவர்கள் இறங்கினார்கள். நானும் இறங்கினேன்.

மறுநாள் விடியற்காலையில், விமானத்தின் இறக்கையடியில் மூன்றாவது ஆளாகத் தாக்கத்தி பிடித்துக் கதிர் அறுத்தேன். வெயில் ஏறும்போது, வரம்பில் நின்று வேடிக்கை பார்த்தவர்களும் தாக்கத்தியோடு வயலில் இறங்கியிருந்தார்கள்.