இரண்டு க்ரேனுக்கும் ஒரே வரிசை

தொழிலாளர் துயரைத் தோளில் சுமந்து, இன்று இந்த அவையின் தலைமையையும் சுமக்கும் சங்கத் தலைவர் அவர்களே! இந்தக் கப்பல் கட்டும் தளத்தில் இரும்பை இழுத்து இழுத்தே இடுப்பொடிந்த மூத்தோரே! காலைச் சங்குக்குக் கணவனை அனுப்பிவிட்டு, மாலைச் சங்குவரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கும் தாய்மார்களே! இங்கே ரேடியோ செட்டுகளைப் பார்த்துக்கொள்ளும் எளியேனின் வணக்கம்.

பாதுகாப்புக் கேடயம் எனக்கு என்று அறிவித்தீர்கள். கை தட்டினீர்கள். போதும், தட்டாதீர்கள்! எதற்காகக் கேடயம்? குறுக்கீட்டுக்கு அசையாத புதிய ரேடியோவை இங்கே பொருத்தியவன் என்பதற்காக. அதன் கதையை முழுதாகக் கேளுங்கள். பிறகும் மனம் வந்தால் தட்டுங்கள்.

முன்பு ஒரு க்ரேனுக்கு ஒரே அலைவரிசை. பக்கத்துத் தளத்தில் எவனோ, "மதியம் என்னப்பா சாப்பாடு?" என்று கேட்டால், அது நம் ஓட்டுநர் காதில் விழும், நம் பேச்சு சாகும். புதிய செட் ஓரிடத்தில் உட்காராது. நொடிக்கு நூறு முறை அலைவரிசை விட்டு அலைவரிசை தாவும். கீழே நின்று க்ரேனுக்கு வழிகாட்டும் சைகைக்காரர் செட்டும், மேலே ஓட்டுநர் செட்டும் ஒரே வரிசையில், ஒரே கணத்தில் சேர்ந்தே தாவும். தெருவை வண்டி அடைத்து நின்றால் சந்து சந்தாகப் புகுந்து வீடு சேருகிறோமே, அப்படி! ஓர் அலைவரிசையை இரைச்சல் விழுங்கினால் துளிப் பேச்சுதான் போகும். மிச்சம் வந்து சேரும்.

ஆனால் க்ரேனுக்குக் க்ரேன் தாவும் வரிசை வேறாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒன்றே என்றால்? இரண்டு பேச்சும் தாவிய இடமெல்லாம் மோதிக்கொள்ளும், இரண்டும் கேட்காது. தோழர்களே, அதைத்தான் நான் செய்தேன்! முதல் க்ரேனின் வரிசையை அப்படியே நகலெடுத்து இரண்டாவதில் போட்டேன். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தனித்தனியாகச் சோதித்தேன், கணீரென்று கேட்டது. இரண்டையும் சேர்த்து ஒரே ஒரு முறை சோதித்தேனா? இல்லை!

மறுநாள் காலை முதல் க்ரேன் ஓட்டுநர் என்னிடம் வந்தார்.

"அண்ணே, அடுத்த க்ரேன் பேச்சும் இதுல கேக்குதே?"

"புது செட்டுப்பா. பழகப் பழகச் சரியாயிடும், போ" என்றேன்.

அன்று மதியம் எஃகுத் தகடு இறங்கிக்கொண்டிருந்தது. கீழே நின்ற சைகைக்காரர், "நிறுத்து! நிறுத்து! நிறுத்து!" என்று மூன்று முறை கத்தினார். அதே நேரம் இரண்டாவது க்ரேனிலும் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். முதல் க்ரேன் ஓட்டுநர் காதில் எதுவுமே விழவில்லை. தகடு சைகைக்காரர் காலில் இறங்கியது. அவர் யார்? ஓட்டுநரின் மனைவியோடு கூடப்பிறந்த அண்ணன்!

"சத்தியமா எனக்கு ஒண்ணுமே கேக்கல சார்" என்று ஓட்டுநர் கதறினார். யார் நம்பினார்கள்? செட்டைச் சோதித்தார்கள், பழுதே இல்லை. எப்படி இருக்கும்? ஆம்புலன்ஸ் கேட்டைத் தாண்டுமுன் நான் வரிசையை மாற்றிவிட்டேனே! ஓட்டுநருக்கு வேலை போயிற்று. மூன்று ஆண்டுகளாக அண்ணன் தங்கை வீட்டு வாசலை மிதிக்கவில்லை. "அந்தக் கத்து கத்துறேன், காதுலயே வாங்கலையே அவன்" என்று என்னிடம்தான் அழுதார். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் நான், பாவி!

என்னம்மா? பின்வரிசையில் கணவர் பக்கத்தில் இருந்து கேட்பது ஓட்டுநரின் மனைவியா? "இத்தனை நாளா எங்கய்யா போயிருந்த?" சரியான கேள்வி. எங்கும் போகவில்லை தாயே. இங்கேயேதான் பயந்து செத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகுட்டிக்காரன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் உண்டே!

அயலான் குறுக்கிட்டாலும் அசையாத அலை அது! ஆயிரம் எந்திரம் இரைந்தாலும் அடங்காத அலை அது! என் ஒரு நாள் சோம்பலில் படுத்துவிட்டது. என் மூன்று வருட மௌனத்தில் ஒரு குடும்பமே படுத்துவிட்டது.

நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தலைவரிடம் கொடுத்திருக்கிறேன். விசாரணையை மறுபடி நடத்தட்டும். ஓட்டுநருக்கு வேலை திரும்பக் கிடைக்கட்டும்; எனக்குத் தண்டனை வரட்டும். கேடயம் இதோ, மேசைமேலேயே இருக்கட்டும்.

சைகைக்காரரே, எழுந்துவிட்டீர்களா? என்னை அடிக்க வருவதானால் வாருங்கள், இங்கேயே நிற்கிறேன். இல்லை... மேடைக்கு வரவில்லை அவர். ஊன்றுகோலோடு பின்வரிசைக்கு, தங்கையும் மச்சானும் உட்கார்ந்திருக்கும் பக்கம் அல்லவா போகிறார்! வழி விடுங்கள் ஐயா, அந்த நாற்காலிகளை நகர்த்துங்கள்! இதற்குமேல் நான் பேசுவது முறையில்லை. பொறுத்துக் கேட்ட பெரியோர்க்கு நன்றி. வணக்கம்.