நல்லாத்தான் இருக்கேன்

இருந்தவர்கள் மூவர். தையல்காரர், மிஷினுக்கு முன்னால் தம் வழக்கமான முக்காலியில். அவர் மனைவி, எதிரே துணிமூட்டையின் மேல். மனைவியின் தம்பி, இலவச மாத்திரை கேட்டு ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுத வந்தவர், துணி வெட்டும் மேசை ஓரமாக. இடம், தையல் கடை; வீடு அதற்கு மேல் மாடியில். நேரம், பிற்பகல் மூன்றரை.

தம்பி: ...மூணு முடிஞ்சுது. நாலாவது கேள்வி, மாடிப்படி. என்ன எழுத?

மனைவி: ஏற முடியலைன்னு எழுது.

தையல்காரர்: பொய்! தினமும் ஏறித்தானே தூங்கப் போறேன்?

தம்பி: அத்தான், புது விதியைப் படிச்சீங்களா? தானா மாடி ஏற முடிஞ்சவங்களுக்கு இனிமே மாத்திரை இலவசம் கிடையாது.

தையல்காரர்: மாத்திரை நுரையீரலுக்கா, முழங்காலுக்கா?

மனைவி: கிண்டலுக்கு ஒண்ணும் குறைச்சலில்ல. போன மாசம் பரிசோதனையில என்ன பண்ணினீங்க? தம்பிக்குச் சொல்லுங்க.

தையல்காரர்: என்ன பண்ணினேன்... எப்படி இருக்கீங்கன்னு டாக்டர் கேட்டார். நல்லாத்தான் இருக்கேன்னேன். ஒரு மனுஷன் மரியாதையா விசாரிச்சா...

தம்பி: அவர் விசாரிக்கல அத்தான். எழுதிக்கிட்டார்.

மனைவி: இஸ்திரி போட்ட சட்டை வேற!

தையல்காரர்: கசங்கின சட்டையில போனா தையல்காரன்னு எவன் நம்புவான்?

மனைவி: இப்போ நோயாளின்னு எவனும் நம்பல.

தம்பி: சண்டையை அப்புறம் வச்சுக்குங்க. கடிதம் அனுப்பக் கடைசித் தேதி இன்னிக்கு. நாலு மணிக்குத் தபாலை எடுத்துட்டுப் போயிடுவாங்க.

மனைவி: அதான் சொல்றேன், எழுது.

தம்பி: பொய்யின்னு தெரிஞ்சா இலவச மாத்திரை அட்டையே ரத்தாயிடும் அக்கா. ஆள் வந்து பார்ப்பாங்களாம். முறையா கேட்டு எழுதுறேன். எத்தனை படி?

மனைவி: இருபத்திரண்டு.

தம்பி: ஒரே மூச்சுல ஏறுறீங்களா அத்தான்?

தையல்காரர்: ஏறலாம்... பாதியில, பதினோராவது படியில கொஞ்சம் உட்காருவேன். மூச்சுக்காக இல்ல. எதிர்வீட்டுப் பூனை அங்க படுத்திருக்கும். ரெண்டு வார்த்தை பேசுவேன்.

தம்பி: பூனையோடயா?

தையல்காரர்: உங்க அக்கா மாதிரி அது குறுக்கே பேசாது மச்சான்.

தம்பி: எவ்வளவு நேரம்?

தையல்காரர்: கால் மணி... அரை மணி இருக்கும்.

தம்பி: அரை மணி பூனையோட என்ன பேச்சு! இதை எப்படி எழுத?

மனைவி: முடியலைன்னு எழுது.

தையல்காரர்: பொய்யில நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

மனைவி: டப்பாவுல ஒம்பது நாளைக்குத்தான் மாத்திரை இருக்கு. காசு கொடுத்து வாங்கணும்னா இந்த மிஷினை விக்கணும். அது ஒரு மாசத்துக்கு வரும். அடுத்த மாசம் எதை விக்க? நீங்களே சொல்லுங்க.

தையல்காரர்: ...எழுது மச்சான். முடியலை.

தம்பி: பொய்யின்னீங்களே?

தையல்காரர்: எழுதுன்னா எழுதேன்.

தம்பி: ஆள் வந்து பார்த்தா?

தையல்காரர்: வரட்டும். படியிலேயே நின்னு பார்க்கட்டும். பேனாவைக் கொடு... இந்தா. கோந்து எங்க? ஒட்டு முதல்ல.

தம்பி: ஒட்டியாச்சு. முகவரி சரி, தபால்தலை சரி. ஆனாலும் எனக்கு மனசு கேட்கல அக்கா. ஒரு பூனையால இந்தக் கடிதம் பொய்யாயிடக் கூடாது...

மனைவி: எந்தப் பூனை? எதிர்வீட்டுக்காரங்க காலி பண்ணினப்பவே அதைக் கூடையில வச்சு எடுத்துட்டுப் போயிட்டாங்க. ரெண்டு மாசமாச்சு. நீ ஓடு, நாலாகப் போகுது.