ஓடுபாதை தெரிந்த பிறகு

முதலில் ஒரு சின்னத் திருத்தம். நேற்றிலிருந்து நீங்கள் அதை வீடியோ கேம் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். அது கேம் இல்லை, சிமுலேட்டர்; விமானம் ஓட்டுவதைத் தரையிலேயே கணினியில் செய்து பார்க்கும் ஏற்பாடு. கேமில் யாராவது ஜெயிப்பார்கள், யாராவது தோற்பார்கள். இதில் விமானம் ஒழுங்காக இறங்கும், அல்லது இறங்காது. எழுத்தில் போகிற விஷயம், சரியான சொல்லாக இருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன். குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் மைத்துனர், அதாவது என் மனைவியின் அண்ணன், போன செவ்வாய்க்கிழமை பிற்பகல் என் வீட்டுப் பின்னறையில், எனக்குப் பக்கத்து இருக்கையில், மூச்சுத்திணறி இறந்துபோனார். அது எப்படி நடந்தது என்று இந்தக் காவல் நிலையத்தில் உட்காரவைத்து என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். பேனாவும் நல்ல பேனாவாகவே கொடுத்திருக்கிறீர்கள். எழுதுகிறேன்.

முப்பத்தொரு வருடம் நான் எடை அளவைத் துறையில் ஆய்வாளராக இருந்தவன். கடை கடையாகப் போய்த் தராசைச் சோதிப்பது வேலை. ஊசி பூஜ்யத்தில் நிற்கிறதா, எடையை வைத்தால் வர வேண்டிய இடத்துக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். நான் தெருமுனையில் திரும்பினாலே கடைக்காரர்கள் தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஓய்வு பெற்ற பிறகு பார்ப்பதற்கு ஒரு ஊசியும் இல்லாமல் எனக்குக் கை நமநமவென்றிருந்தது. அப்படித்தான் விமானத்துக்கு வந்தேன்.

விஷயம் எளிது. ஓடுபாதையின் பக்கத்தில் ரேடியோ நிலையம் இருக்கும். அது அனுப்பும் அலைகளை விமானத்தில் இரண்டு ஊசிகள் காட்டும். நிற்கிற ஊசி நடுவில் இருந்தால் ஓடுபாதைக்கு நேராக வருகிறோம். படுத்திருக்கிற ஊசி நடுவில் இருந்தால் சரியான உயரத்தில் வருகிறோம். வெளியே ஒரே மேகம், மூக்கு நுனிகூடத் தெரியாது. இந்த இரண்டு ஊசிகளை நம்பி, நூற்றெண்பது பேர் உட்காரும் விமானத்தைக் கையாலேயே கீழே கொண்டுவர வேண்டும். இப்போதெல்லாம் ஆட்டோபைலட் அதைச் செய்துவிடும். எனக்கு அதில் இஷ்டமில்லை. அந்தப் பொத்தானின் மேல் டேப் ஒட்டி வைத்திருப்பதை உங்கள் ஆட்கள் பார்த்திருப்பார்கள்.

பழைய காரிலிருந்து கழற்றிய இரண்டு இருக்கைகள், மூன்று திரைகள், ஒட்டுப்பலகையில் நானே அறுத்துச் செய்த பேனல். அறை அவ்வளவுதான். திரை பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தேன். "ஸ்கூட்டரை ஒழுங்கா ஸ்டாண்டு போடத் தெரியல, இவரு ஏரோப்ளேன் ஓட்டுறாராம்" என்று என் மனைவி போனில் யாரிடமாவது சொல்லிச் சிரிப்பாள். சிரித்துவிட்டுப் போகட்டும். மூன்று வருடம் அந்த அறையில் நான் ராஜா மாதிரி இருந்தேன்.

பிறகு கேப்டன் வந்தார். என் மைத்துனரை வீட்டில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். நிஜ விமானங்களை நிஜ வானத்தில் ஓட்டியவர். ஆஸ்துமா முற்றியதால் மருத்துவச் சான்றிதழ் கிடைக்காமல் போய், வேலை போய், மனைவியும் காலமாகிவிட்டதால் தங்கை வீட்டுக்கே வந்து சேர்ந்தார். வந்த மறுநாளே என் வலது இருக்கையில் உட்கார்ந்துவிட்டார்.

"பரவாயில்லையே மாப்பிள்ளை, பொம்மைக் காருக்குப் பெரிய ஷெட்டாத்தான் போட்டிருக்கீங்க."

நல்ல மனிதர். நிறையச் சொல்லிக்கொடுத்தார், அதை மறைக்கக் கூடாது. விசைப்பலகையில் 'பி' பட்டனை அழுத்தினால் விமானம் அந்தரத்தில் அப்படியே நிற்கும். டீ குடிக்கவும் கதவைத் திறக்கவும் நான் அதை அழுத்துவது வழக்கம். "வானத்துல ஏது மாப்பிள்ளை ஹேண்ட்பிரேக்கு?" என்று அவரே ஸ்க்ரூடிரைவரால் அந்த பட்டனை நெம்பி எடுத்து ஜன்னல் வழியாக எறிந்தார். இன்னொரு விதியும் வைத்தார். "பத்தாயிரம் அடிக்குக் கீழ வந்துட்டா குடும்பக் கதை கிடையாது. ப்ளேனைப் பத்தி மட்டும்தான் பேச்சு." ஒரு நாள் நாங்கள் ஏழாயிரம் அடியில் இருந்தபோது என் மனைவி கதவைத் தட்டி, கடைக்குப் போவதாகவும் ஐந்து நிமிடத்தில் அடுப்பை அணைத்துவிடும்படியும் சொன்னாள். அவர் கையமர்த்திவிட்டார். இறங்கிப் போய்ப் பார்த்தால் பாத்திரம் கரிக்கட்டை. அதற்கும் விழுந்து விழுந்து சிரித்தோம். மூன்றாவது விதி: ஊசி விலகினாலோ, இருநூறு அடி உயரத்துக்கு இறங்கியும் ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாவிட்டாலோ, இறங்காமல் மேலே தூக்கிவிட்டு இன்னொரு சுற்று வர வேண்டும். "தூக்கினதுக்காக யாரும் யாரையும் திட்டினது கிடையாது மாப்பிள்ளை" என்பார்.

அவரிடம் ஒரே ஒரு பழக்கம். ஊசி அரைப்புள்ளி நகர்ந்தால் போதும், "ஊசி" என்பார். கோபமெல்லாம் இல்லை, தூங்கி வழிகிறவனைத் தோளில் தட்டுவது மாதிரி. முப்பத்தொரு வருடம் ஊசி பார்த்துச் சோறு தின்றவனிடம், ஊசி எங்கே இருக்கிறது என்று சொல்வார். ஒவ்வொரு பயணத்தையும், எங்கள் பேச்சு உட்பட, கணினி பதிவு செய்துவிடும். ஒரு ஓய்வான வாரத்தில் எல்லாவற்றையும் போட்டுக் கேட்டு எண்ணினேன். பதினான்கு மாதத்தில் ஆறாயிரத்து இருநூற்றுப் பதினெட்டு முறை. பிறகு சாப்பாட்டு மேஜையில், "இன்னிக்கு உன் புருஷன் பக்கத்து வயல்ல இறக்கிட்டாரும்மா, நல்லவேளை அறுவடை முடிஞ்சிருந்தது" என்பார். அண்ணனும் தங்கையும் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். என் சிரிப்புத்தான் அதிக நேரம் நீடிக்கும். அவர்மேல் எனக்குக் கோபம் எதுவும் இருந்ததில்லை. இந்த வரியை நீங்கள் அடிக்கோடிட்டுக்கொள்ளலாம்.

செவ்வாய்க்கிழமை என் மனைவி கண் மருத்துவரிடம் போக ஒன்றரை மணிக்குக் கிளம்பினாள்.

"ஏங்க, அண்ணனுக்குக் காலையிலேர்ந்தே இழுப்பு லேசா இருக்கு. பக்கத்துலயே இருங்க."

"பக்கத்துலதானே உக்காரப் போறேன்" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே போனாள்.

அன்று காலை புதுப் பேனலுக்கு உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்திருந்தேன். மரத்தூசி அறையில் இன்னும் அடங்கவில்லை. ஜன்னலைத் திறக்கலாமா என்று கேட்டார். திறந்தால் திரையில் வெயில் அடிக்கும் என்றேன். ஒத்துக்கொண்டார். அவருடைய இன்ஹேலர் எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். புழுக்கமாக இருந்ததால் சட்டையைக் கழற்றி அவர் அறைக்கதவில் மாட்டியிருந்தார். என் இருக்கையிலிருந்து அந்தக் கதவு பதினேழு அடி. உங்கள் ஆட்கள் பதினெட்டு என்று குறித்திருக்கிறார்கள், அளவு நாடாவைத் தொய்வாகப் பிடித்திருக்கிறார்கள்.

மூவாயிரம் அடியில், ஓடுபாதைக்கு ஒன்பது மைல் முன்னால், ஊசியைப் பிடித்தேன். அப்போதுதான் அவருக்கு இருமல் ஆரம்பித்தது.

"மாப்பிள்ளை, ஸ்ப்ரே."

"பத்தாயிரத்துக்குக் கீழ இருக்கோம் கேப்டன்."

அவர் சிரித்தார். பதிவில் கேட்டுப் பாருங்கள், உண்மையாகவே சிரித்தார். நானும் சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "விளையாடாதீங்க" என்றார். "விளையாடலை மச்சான், ஓட்டிட்டிருக்கேன்" என்றேன். அதில் பொய் ஒன்றுமில்லை.

அவரே எழுந்து போயிருக்கலாமே என்று கேட்டீர்கள். போக முடியாது. அறை அவ்வளவு குறுகல். முதலில் நான் எழுந்து, என் இருக்கையை மடக்கினால்தான் வலது இருக்கைக்காரர் வெளியே வர முடியும். அவர் பேச்சை நிறுத்திவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தார். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலில் இருந்த வலது மணிக்கட்டு. நான் உதறவில்லை. அந்தப் பிடியோடேயே ஓட்டினேன். கையால் ஓட்டுகிறவனுக்கு அது எவ்வளவு இடைஞ்சல் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

நான்கு நிமிட வேலைதானே, இறங்கியதும் எடுத்துக்கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். நேற்று நான் இதைச் சொன்னபோது நீங்கள் பாதி நம்பினீர்கள். நானும் ஏறக்குறைய அந்த அளவுக்கு நம்பினேன். ஆனால் அந்த முறை இறங்கவில்லை. மேலே தூக்கி இன்னொரு சுற்று வர வேண்டியதாயிற்று, அதற்குப் பதினாறு நிமிடம். அந்தச் சுற்றின் பாதியில், ஒரு நீண்ட திருப்பத்தில், அவர் கை என் மணிக்கட்டை விட்டுவிட்டது.

என் மனைவி நான்கு மணிக்கு வந்தாள். கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்ததால் அவளுக்கு எதுவும் சரியாகத் தெரியவில்லை. அண்ணன் தூங்குகிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். தொட்டுப் பார்த்த பிறகு அவள் அழவில்லை, என்னிடம் ஒன்று கேட்டாள்.

"ஏங்க, அண்ணன் உங்களைக் கூப்பிட்டாராங்க?"

"கூப்பிட்டார்" என்றேன். பதிவையும் நானே எடுத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. எங்கள் சண்டை வழக்கமாக மூன்று நாள் தாங்கும். இன்றைக்கு ஐந்தாவது நாள். வருத்தமாகத்தான் இருக்கிறது. என் மாத்திரைகள் எந்த டப்பாவில் இருக்கின்றன என்பது அவளுக்குத்தான் தெரியும்.

இனி, பாக்கி இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் முறை ஏன் இறங்கவில்லை என்று நீங்கள் கேட்டபோது, மேகம் தாழ்ந்துவிட்டது, ஓடுபாதை தெரியவில்லை என்றேன். விமானம் வந்த பாதையைக் கணினி வரைந்த தாளை மேஜையில் வைத்திருக்கிறீர்கள். அதைத் தலைகீழாக வைத்திருப்பதிலிருந்தே உங்களில் யாருக்கும் அதைப் படிக்கத் தெரியாது என்று புரிகிறது. நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் தவறான அளவுக்கு முத்திரை குத்தி அனுப்பி எனக்குப் பழக்கமில்லை.

ஐந்நூறு அடியிலேயே மேகம் விலகிவிட்டது. ஓடுபாதை நேர் எதிரே, விளக்கெல்லாம் எரிந்துகொண்டு, கோலால் கோடு போட்ட மாதிரி கிடந்தது. இரண்டு ஊசிகளும் நட்டநடுவில். என் ஆயுளில் அப்படி ஒருமுறை பிடித்ததில்லை. அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கடைசி நான்கு நிமிடத்தில் அவர் ஒருமுறைகூட 'ஊசி' என்று சொல்லவில்லை. மூச்சு இல்லாததால் என்று மருத்துவர் சொல்வார். சொல்ல இடமில்லாததால் என்று நான் நினைக்கிறேன். என் மணிக்கட்டில் அவர் பிடி அப்போதும் பலமாகவே இருந்தது. இறக்க முப்பது நொடி போதும். தூக்கினால் பதினாறு நிமிடம். அந்தக் கணக்கு எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நெம்புகோலை முன்னால் தள்ளி மேலே தூக்கினேன்.

இரண்டாவது முறை இறங்கும்போது ஊசி இரண்டு தடவை இடப்பக்கம் போய்த் திரும்பியது. சக்கரம் தரையைத் தொட்டபோது கொஞ்சம் முரட்டுத்தனமாகவே குலுங்கியது. அறையில் யாரும் எதுவும் சொல்லவில்லை. இயந்திரங்களை முறைப்படி ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு, என் மனைவி வந்து கதவைத் தட்டும்வரை, வெகு நேரம் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தேன்.