முழுச் சம்மதத்துடன்

— நாங்க யாரையும் வெளிய அனுப்புறதே இல்ல, மிஸஸ் சைக்ஸ். நம்ம ஏணிப் பள்ளிக் குடும்பத்துல அந்தப் பேச்சுக்கே இடமில்ல. நீங்களா விருப்பப்பட்டு உங்க பொண்ணு அமரியக் கூட்டிட்டுப் போறீங்க. இந்த இடத்துல ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.

— எனக்கு விருப்பம் இல்லையே, பிரின்சிபால் சார்.

— பிரின்சிபால்னு சொல்ல மாட்டோம். 'தலைமை ஏற்றுநர்'.

— லிஃப்ட்லயா?

— சிரிங்க, பரவாயில்ல. ஆனா உங்க பொண்ணு மாதிரி ஒரு அறிஞருக்கு எங்க வேகம் ஒத்து வரல.

— பதினோரு வயசு சார். நேத்து ஒரு கால்ல மட்டும் சாக்ஸ் போட்டுக்கிட்டு பஸ் ஏறின அறிஞர்.

— எல்லா மாணவரையும் அப்படித்தான் கூப்பிடுவோம். அது ஒரு மரியாதை.

— மரியாதைக்குக் குறைச்சலே இல்ல. அறிஞருக்கு இந்த மாசம் நாப்பத்தோரு கறுப்புப் புள்ளி. எதுக்கு?

— பாடம் நடக்கும்போது கண்ண வேற பக்கம் திருப்பினதுக்கு. பேசுறவங்க முகத்த விட்டுப் பார்வை நகரவே கூடாது. எங்க கல்வி முறைக்கே அதான் முதுகெலும்பு.

— நான் பேச ஆரம்பிச்சதுலேர்ந்து நீங்க நாலு தடவ கடிகாரத்தப் பாத்துட்டீங்க. உங்களுக்கு யார் போடுவா புள்ளி?

— மூணு மணிக்கு இன்னொரு குடும்பம் வருது.

— அவங்களும் விருப்பப்பட்டா?

— அது அவங்க சொந்த விஷயம்.

— அடுத்த வாரம் மாநிலப் பரீட்சை. அமரி கணக்குல மெதுவு. அவ இல்லேன்னா உங்க சராசரி ஏறும். அதக் காட்டி டெட்ராய்ட்ல இன்னும் மூணு பள்ளிக்கூடம் திறக்க உரிமம் வாங்குவீங்க. அரசுப் பணத்துல நடக்குற பள்ளிக்கூடம், நீங்க துரத்தினா காரணம் எழுதணும். நானே போனா யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். இதானே சங்கதி?

— அந்த மூணு பள்ளியால ஆயிரத்து இருநூறு பிள்ளைங்க கரையேறுவாங்க மேடம். கொஞ்சம் பெருசா யோசிங்க.

— சர்ச் ஹால்ல பிங்கோ உருண்டைய உருட்டிக் குலுக்கல் போட்டு, எழுநூறு பேருக்கு நடுவுல அவளுக்கு விழுந்த இடம் இது. அவ பேரக் கூப்பிட்டதும் பக்கத்துல நின்ன முன்பின் தெரியாத மனுஷனக் கட்டிப்பிடிச்சு அழுதேன் நான். செவன் மைல் ரோட்லேர்ந்து ரெண்டு பஸ் மாறி வர்றா. அவ எழுந்து போனா அந்த நாற்காலி யாருக்கு?

— யாருக்கும் இல்ல. நடுவுல புதுசா சேர்த்தா தரம் குலைஞ்சிடும்.

— ஆக, நாற்காலியும் காலி, வெளிய எழுநூறு பேரும் நிக்கிறாங்க.

— கையெழுத்துப் போடலேன்னா அடுத்த வருஷமும் அவ ஆறாவதுதான். நல்லா யோசிச்சுக்குங்க.

— யோசிச்சாச்சு. நாலு வருஷம் ஆறாவது படிச்சாலும் இங்கதான் படிப்பா. பேனாவ மூடுங்க சார், மை காஞ்சிடும்.

— சரி, யார்கிட்ட போய்ப் புகார் சொல்லப் போறீங்க? பல்கலைக்கழகத்துல எங்களுக்கு உரிமம் கொடுக்குற அலுவலகமே வருஷா வருஷம் எங்க கோப்பப் பாக்குது. இதுவரைக்கும் முன்னூத்திப் பன்னெண்டு பேர் இப்படிப் போயிருக்காங்க. ஒவ்வொரு தாள்லயும் 'சரிபார்க்கப்பட்டது'ன்னு அவங்க முத்திரை இருக்கு. ஒரே ஒரு கேள்வி வந்திருக்குமா?

— வந்திருக்காது. அஞ்சு வருஷமா அந்த ஆபீஸ்ல உக்காந்து, ஒரு தாளையும் படிக்காம முத்திரை குத்தினவ நான்தான். நாளைக்குக் காலைல அந்த முன்னூத்திப் பன்னெண்டு வீட்டுக்கும் போன் போடப் போறேன்.